கட்டுக்கு வெளியே தெரியும் விரல்

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி மாதம், மழை நாள்.

அன்புள்ள பேத்திக்கு,

தாத்தா எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். நாலு தரம் "சரி தாத்தா" சொல்லிவிட்டு ஆச்சியிடம் கொடுக்கச் சொல்வாய். காகிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

உன் ரூமில் கூட இருக்கும் பிள்ளை உன் அம்மாவுக்குப் போன் போட்ட பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. மூட்டு வீங்கி மூன்று வாரம் ஆகிறதாம். படி இறங்கும்போது கால் பிசகுகிறதாம். மூட்டுக்குள் ஜவ்வு அறுந்திருக்கிறது என்று ஸ்கேனில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நீ அந்த ரிப்போர்ட்டைத் தலையணை உறைக்குள் சொருகிவிட்டு, மூட்டில் ஒரு உறையை இழுத்து மாட்டிக்கொண்டு தினமும் கிரவுண்டுக்குப் போகிறாய், மாநில அணித் தேர்வு வருகிறது என்பதற்காக. அந்தப் பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று உனக்குத் தோன்றும். எனக்கு அவளை நேரில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அம்மா கேட்டதற்கு நீ சொன்னாயாமே: "ஆபரேஷனுக்குப் போனா பிரியா அக்கா மாதிரி ஆயிரும்மா. அதுக்கு இப்படியே ஆடிட்டுப் போறேன்."

ஏளா, 2022 நவம்பர் உனக்கு நினைவிருக்கிறதா? நாம் அப்போது மலையில், தேயிலை எஸ்டேட்டில்தான் இருந்தோம். நாலு நாளாக விடாத மழை. லயத்தில் நம் வீட்டு டிஷ் மட்டும் எப்படியோ வேலை செய்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்று செய்தி பார்த்தார்கள். நீ அடுப்படிப் படியில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். திரையில் பிரியாவின் படம் வந்தது. சென்னை வியாசர்பாடிக்காரி, கால்பந்து ஆடுகிறவள். 17 வயது. ராணி மேரிக் கல்லூரியில் உடற்கல்வி முதலாண்டு. நீ அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டுப் படுத்தாய். மறுநாள் மழையோடு மழையாக அதை எடுத்துக்கொண்டு நீ இறங்கிப் போனதை நான் பார்த்தேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

நடந்தது என்னவென்று நீ முழுதாகப் படித்தாயா, அல்லது மூன்று வரி ரீல்ஸாகப் பார்த்தாயா என்பது எனக்குத் தெரியாது. அதனால் ஒருதரம் சொல்லிவிடுகிறேன்.

பிரியாவுக்கு வலது மூட்டில் ஜவ்வு கிழிந்திருந்தது. இன்றைக்கு உனக்கு இருக்கிற மாதிரிதான். 2022 நவம்பர் 7ஆம் தேதி பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டில் சிறு துளை போட்டுச் செய்யும் அறுவைசிகிச்சை நடந்தது. ரத்தக் கசிவை நிறுத்தக் காலில் இறுக்கமாக ஒரு கட்டுப் போட்டார்கள். நேரத்துக்கு அவிழ்த்திருக்க வேண்டிய கட்டு அது. அவிழ்க்கவில்லை. காலுக்குப் போகிற ரத்தம் நின்றுபோனது. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு மாற்றினார்கள். காலை எடுக்க வேண்டி வந்தது. அதோடும் நிற்கவில்லை. ரத்தம் இல்லாமல் செத்த தசையின் நஞ்சு உடம்பெல்லாம் ஏறி, சிறுநீரகத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பழுதாகி, நவம்பர் 15ஆம் தேதி காலையில் உயிர் போனது. எட்டு நாள். கவனக்குறைவுதான் என்று சுகாதார அமைச்சரே சொன்னார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம், போலீஸ் வழக்கு. முதலமைச்சர் வீட்டுக்குப் போய் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார். குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, குடியிருக்க வீடு. அதெல்லாம் கொடுக்க வேண்டியதுதான், கொடுத்தார்கள்.

இதில் எந்த இடத்தில் அந்தப் பிள்ளை போனாள் என்று பார். ஜவ்வு கிழிந்ததால் போகவில்லை. கத்தி வைத்ததாலும் போகவில்லை. அந்த அறுவைசிகிச்சை நாட்டில் தினம் தினம் எத்தனையோ விளையாட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கிறது, நடந்து பழையபடி ஓடுகிறார்கள். அவள் போனது கத்திக்குப் பிறகு. கட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்காத அந்த மணி நேரங்களில். நீ ஆபரேஷனைப் பார்த்துப் பயப்படுகிறாய். நான் அதற்குப் பிறகு வரும் ராத்திரியைப் பார்த்துப் பயப்படுகிறேன்.

ஏன் என்றால் அப்படி ஒரு ராத்திரியை நான் பார்த்திருக்கிறேன்.

உன் சின்னத் தாத்தாவின் இடது கால் ஏன் வளைந்திருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டாயே, காட்டுப்பன்றி முட்டியது என்று சொன்னானே, அது பொய். எல்லாப் பிள்ளைகளிடமும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறான். ஒரு தரம் பன்றி, ஒரு தரம் காட்டெருமை. கேட்கிற பிள்ளையின் வயதைப் பொறுத்து மிருகம் பெரிதாகும்.

அவனுக்கு அப்போது 17, எனக்கு இருபதோ இருபத்தொன்றோ. எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பந்துதான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குக் கீழே கொஞ்சம் மட்டமான இடம். மட்டம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது. பந்து தானாக ஒரு பக்கம் உருண்டுகொண்டே இருக்கும். டாஸ் ஜெயித்தவன் மேட்டுப் பக்கம் எடுப்பான். பூட்ஸ் கிடையாது. அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் கணுக்கால் வரை பூசிக்கொண்டு இறங்குவோம். மேகம் இறங்கினால் எதிர்க் கோல் தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் அடிக்கணும். உன் சின்னத் தாத்தா இடது பக்க ஓரத்தில் ஓடுவான். பந்து அவன் காலுக்கு வந்தால், எதிர் அணிக்காரனே ஒரு நொடி நின்று என்ன செய்யப்போகிறான் என்று பார்ப்பான். உன்னிடம் அந்த இடது கால் இருக்கிறது. அவனிடமிருந்துதான் உனக்கு வந்தது.

ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்தான், மேலே இன்னொருத்தன் விழுந்தான். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய், எலும்பு கட்டுகிற நாட்டு வைத்தியர் ஒருவரிடம் மத்தியானம் கட்டினோம். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு குழைத்துத் துணியில் பூசி, சுற்றி மூங்கில் தப்பை வைத்து, சணலால் இறுக்கினார். "மூணு வாரம் யாரும் தொடக்கூடாது" என்றார். அதே லாரியில் திரும்பினோம்.

சாயங்காலம் வலி ஆரம்பித்தது. முறிந்த காலுக்கு வலிக்காமல் இருக்குமா என்று எல்லாரும் சொன்னோம். எட்டு மணிக்கு முனகல். பத்து மணிக்குக் கத்தல். பக்கத்து லயத்துப் பெரியவர்கள் வந்து, ஆம்பிளைப் பிள்ளை இப்படிக் கத்தலாமா என்று அதட்டிவிட்டுப் போனார்கள். நானும் அதட்டினேன். காலையில் பெரட்டுக்குப் போகணும், தூக்கம் வேண்டுமே எனக்கு.

எங்கள் அம்மா மட்டும் சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு அவன் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தாள். பெருவிரல் நகத்தை, கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன தன் விரலால் அழுத்தி, விட்டாள். மறுபடி அழுத்தி, விட்டாள். வெளுத்த நகம் வெளுத்தபடியே நின்றது. தன் கன்னத்தை அவன் பாதத்தில் வைத்துப் பார்த்தாள். "லே, விரலை ஆட்டு" என்றாள். அவனால் ஆட்ட முடியவில்லை. அவளே லேசாகப் பெருவிரலை நிமிர்த்தினாள். அவன் போட்ட சத்தம் நாலுமுக்கு எஸ்டேட் வரை கேட்டிருக்கும்.

எழுந்து போய் எங்கள் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்தாள். அப்பா கையைப் பிடித்தார். "மூணு வாரம் அவுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"காலு போனா அவரா தருவாரு?"

அவ்வளவுதான் பேசினாள். சணலை ஒவ்வொன்றாக அறுத்தாள். தப்பை நாலும் கீழே விழுந்தன. பிள்ளையின் கால் வெந்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி உப்பி, கட்டின தடமெல்லாம் பள்ளம் பள்ளமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் விரலில் சிவப்பு வந்தது. அவன் அப்படியே தூங்கிப்போனான். விடிந்ததும் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. அதோடு பந்து போயிற்று. கால் இருந்தது. அந்தக் காலோடுதான் இன்றைக்கும் மணிமுத்தாறு வாய்க்கால் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டு, பிள்ளைகளிடம் பன்றிக் கதை சொல்லிக்கொண்டு திரிகிறான்.

உனக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது என்று அம்மாவிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். "கன்னுக்குட்டி காலுல கயிறு சுத்திக் கிடந்தா குளம்பு குளுந்து போவும். அது தெரியாதாலே?" என்றாள். கங்காணி முன்னால் நிமிர்ந்து பார்க்காத பொம்பளை அவள். கொழுந்து எடையில் குறைத்து எழுதினால்கூட வாய் திறக்கமாட்டாள். அன்றைக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பின்னால் மருத்துவர்கள் சொல்லிக் கேட்டதும் படித்ததும் அம்மா கையால் பார்த்ததைத்தான். இறுக்கமான கட்டோ மாவுக்கட்டோ எதுவாக இருந்தாலும் சரி, உள்ளே வீக்கம் ஏற ஏறத் தசைக்கு இடம் இல்லாமல் அழுத்தம் கூடும். ரத்தம் உள்ளே வராது. தசை நாலிலிருந்து ஆறு மணி நேரம்தான் தாங்கும். முதலில் தெரிவது வலி. காயத்துக்கு எவ்வளவு வலிக்கணுமோ அதைத் தாண்டிய வலி. மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகிற வலி. இன்னொருத்தர் விரலை நிமிர்த்தினால் உயிர் போகும். அப்புறம் ஊசி குத்துகிற மாதிரி இருந்து மரத்துப்போகும். விரல் குளிரும், வெளுக்கும், ஆட்ட வராது. நாடித் துடிப்பு கடைசியில்தான் போகும். துடிக்கிறதே என்று சும்மா இருந்தால் நேரம் கடந்துவிடும். இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிய பயம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துத்தான் இப்போது பெரும்பாலும் மூட்டு ஆபரேஷன் செய்கிறார்கள். அந்த மரப்பு இருக்கிற வரை உனக்கு வலியே தெரியாது. உன் கால் சத்தம் போட்டாலும் உன் காதில் விழாது. அந்த நேரத்தில் உன் விரலை உனக்காகப் பார்க்க ஒரு ஆள் கால்மாட்டில் இருக்கணும்.

இப்போது தெரிகிறதா, உன் ரூம் பிள்ளையைக் கும்பிடத் தோன்றுகிறது என்று நான் ஏன் சொன்னேன் என்று.

நீ மறைத்தது எனக்குப் புதிதில்லை. அந்தப் புத்தி உனக்கு எங்களிடமிருந்து வந்தது. அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். காய்ச்சலோடு பெரட்டுக்குப் போவது, அட்டை கடித்துச் சீழ் வைத்த காலோடு மலை ஏறுவது, ஒரு நாள் பேர் விழாமல் போனால் கூலி போயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொள்வது. இதெல்லாம் நம் வீட்டில் பெருமை. பிறகு 1999 வந்தது. கூலி உயர்வு கேட்டும், அதற்காகச் சிறையில் கிடந்தவர்களை விடச் சொல்லியும் ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனது. ஆச்சியும் நானும் போயிருந்தோம். போலீஸ் தடியடியில் 17 உயிர் தாமிரபரணியில் போனது, அதில் ஒன்று கைக்குழந்தை. நாங்கள் எப்படிக் கரை ஏறினோம் என்று இன்றைக்கு இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு நம் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கேட்காதே. வாயைத் திறக்காதே. உன் அம்மாவை அப்படித்தான் வளர்த்தேன். அவள் உன்னையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறாள். நீ ரிப்போர்ட்டைத் தலையணைக்குள் வைத்தாய் என்றதும் எனக்கு என் கைதான் அதை வைத்த மாதிரி இருந்தது.

கேட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று உன்னை ஏமாற்றமாட்டேன். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட காட்டில் நாலு தலைமுறை கொழுந்து பறித்தோம். 2028 வரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே 2024 ஜூனோடு வேலை முடிந்தது. அரசுத் தேயிலைக் கழகமான டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று கோர்ட் வரை கேட்டுப் பார்த்தோம். கிடைக்கவில்லை. பிரியாவும் வலிக்கிறது என்று சொல்லாமலா இருந்திருப்பாள்? 17 வயதுப் பிள்ளை, ரத்தம் ஓடாத கால். சொல்லியிருப்பாள். ஆனாலும் நீ கேட்டுத்தான் ஆகணும். வலிக்கிறது என்று நூறு தரம் சொல்லு. நூறாவது தரம் யாராவது விளக்கை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

ஆகவே, டாக்டரிடம் போகும்போது நீ இதையெல்லாம் கேட்கணும். காலை இறுக்கி ரத்தத்தை நிறுத்தித்தான் செய்வீர்களா, எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள்? முடிந்ததும் என்ன கட்டு, எப்போது அவிழ்த்துப் பார்ப்பீர்கள்? ராத்திரி டூட்டியில் யார், எத்தனை மணிக்கு ஒருதரம் வந்து காலைப் பார்ப்பார்கள்? எனக்கு வலி மாத்திரைக்கு அடங்காவிட்டால் யாரைக் கூப்பிடணும்? மரியாதையாகக் கேளு. நல்ல டாக்டருக்கு இப்படிக் கேட்கிற பிள்ளையைப் பிடிக்கும். முகம் சுளித்தால் வேறு இடம் பார்ப்போம். அரசு ஆஸ்பத்திரி என்றால் இப்படித்தான் என்றும் பேசாதே. உன் அம்மாவைப் பெற்றபோது ஆச்சி பிழைத்தது அரசு ஆஸ்பத்திரியில்தான். யார் கால்மாட்டில் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்பதுதான் எங்கேயும் கணக்கு.

மைதானத்திலும் இந்தக் கணக்கு உண்டு. 2004 டிசம்பர் 5ஆம் தேதி பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ அணிக்காக ஆடின கிறிஸ்டியானோ ஜூனியர் என்கிற பிரேசில் பையன், மோகன் பகானுக்கு எதிராக இரண்டாவது கோலை அடிக்கிற வேகத்தில் கோல்கீப்பர் மேல் மோதி விழுந்தான். எழவே இல்லை. இருபத்தைந்து வயதுதான். மைதானத்தில் மருத்துவ உதவி எப்படி இருந்தது என்று நாடு முழுக்கப் பேசினார்கள். பேசி எட்டு வருஷம் ஆகவில்லை, 2012இல் அதே பெங்களூரில் வெங்கடேஷ் என்கிற இளைஞன் ஆட்டத்தில் மயங்கி விழுந்து இறந்தான். மேட்சுக்கு முன்னால் பூட்ஸ் லேஸ் கட்டும்போதே ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று கேட்கிற பழக்கத்தை வைத்துக்கொள். கூட ஆடுகிற பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பிரியா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள், உனக்குத் தெரியும். யாரும் கவலைப்படாதீர்கள், நான் திரும்பி வருவேன், என் ஆட்டம் என்னை விட்டுப் போகாது என்கிற மாதிரி. கால் போன பிறகு ஒரு பிள்ளைக்கு அப்படி எழுத மனசு வந்ததே என்று எனக்குத் தோன்றியது. உன் அண்ணன் ஒருநாள் எனக்குப் போனில் ஒரு பழைய படம் காட்டினான்: டங்கன் எட்வர்ட்ஸ், மான்செஸ்டர் யுனைடெட். 1958 பிப்ரவரி 6ஆம் தேதி மியூனிக்கில் விமானம் நொறுங்கியதில் அடிபட்டு, 15 நாள் போராடி இறந்தவன். 21 வயது. அவனுக்கும் சிறுநீரகம்தான் கைவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று பயிற்சியாளரைக் கேட்டதாகச் சொல்வார்கள். மியூனிக்குக்கும் வியாசர்பாடிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் பந்து ஆடுகிறவர்களுக்கு உடம்பு சொல்வது காதில் விழுவதற்கு முன்னாலேயே அடுத்த ஆட்டம் காதில் விழுந்துவிடுகிறது. உன் சின்னத் தாத்தாவும் கட்டை அறுத்த மறுநாள் லாரியில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டது, "அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்குப் பதிலா யாரு?"

ஆகையால், வீரம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். இருப்பதே ஜாஸ்தி.

உன் மூட்டுக்கு வருவோம். பெண் பிள்ளைகளுக்கு இந்த ஜவ்வு அறுவது ஆண் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகமாம். உன் தப்பில்லை, நீ இளப்பமும் இல்லை. அறுந்ததோடு ஆடினால் மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பும் தேய்ந்து கிழியும். அப்போது 30 வயதில் என் வயது மூட்டோடு நடப்பாய். ஆபரேஷன் செய்தால் குறைந்தது ஒன்பது மாதம் களத்துக்குத் திரும்பக்கூடாது. ஆறாவது மாதமே கால் நன்றாக இருக்கிற மாதிரி தோன்றுமாம். அப்போது இறங்குகிறவர்களுக்குத்தான் மறுபடி அறுகிறது. திரும்பி வந்த பிறகு, ஆட்டத்துக்கு முன்னால் 20 நிமிஷம் செய்கிற ஃபிஃபா 11 பிளஸ் பயிற்சியை ஒருநாளும் விடாதே. நம் பக்கத்துக் கோச்சுகள் பலர் நாலு சுற்று ஓடவிட்டு விசில் ஊதிவிடுகிறார்கள். நீ பத்து நிமிஷம் முன்னால் போய்த் தனியாகவாவது செய்.

இந்த வருஷத் தேர்வு போய்விடும். போகட்டும் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மூன்று வருஷமாக நீ விடிகாலையில் எழுந்தது எனக்குத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி எங்கேயும் ஓடிப்போகாது. 2018இல் கட்டக்கில் மணிப்பூரையே தோற்கடித்துத் தேசியக் கோப்பை எடுத்தார்கள். மணிப்பூரை! 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவைத் தோற்கடித்து மறுபடியும் எடுத்தார்கள். நடுவில் மதுரை சேது எஃப்சி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. கடலூரில் அரசு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த சந்தியா ரங்கநாதன் இந்தியாவுக்கு ஆடுகிறாள். அந்த ஊர் இந்துமதி கதிரேசன் போலீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு இந்திய அணியில் நடுக்களம் ஆடினாள். உனக்கு வயது 18. ஒரு வருஷம் கழித்து 19 ஆகும். அதுதான் உனக்கு ஆகப்போகும் பெரிய நஷ்டம்.

இன்னொன்று. உன் போன் முகப்பில் பிரியா படத்தை வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். இருக்கட்டும். ஆனால் அது எந்தப் படம்? மாலை போட்ட படமா, ஜெர்சி போட்ட படமா? மாலை போட்டது என்றால் மாற்று. அவள் அந்த எட்டு நாளுக்கு முன்னால் 17 வருஷம் இருந்திருக்கிறாள். வியாசர்பாடியில் சந்துக்குச் சந்து பந்து உருளும், அங்கே பசங்களோடு முட்டி மோதித்தான் மாநில அளவுக்கு வந்திருப்பாள். யாரையோ ஏமாற்றிப் பந்தைக் கடத்திக்கொண்டு போயிருப்பாள், ஒரு பெனால்ட்டியைத் தவறவிட்டு அழுதிருப்பாள், பிரியாணிக்காகப் பந்தயம் கட்டியிருப்பாள். உங்கள் கல்லூரியில் அவளோடு ஆடின பிள்ளைகள், அவளை எதிர்த்து ஆடின பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். அவள் எப்படி ஆடினாள் என்று கேட்டுத் தெரிந்துகொள். எனக்கும் வந்து சொல்லு. பேப்பரில் அவள் காலைப் பற்றி எவ்வளவோ எழுதினார்கள். அந்தக் காலால் அவள் பந்தை எப்படி நிறுத்துவாள் என்று ஒரு வரி எழுதினவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டைத் தலையணையிலிருந்து எடு. கோச்சிடம் நாளைக்கே காட்டு. அம்மாவுக்குப் படம் பிடித்து அனுப்பு. அவள் அழுவாள், பிறகு பணத்தைப் பற்றிப் பேசுவாள். பணத்துக்கு நான் இருக்கிறேன், எஸ்டேட்டில் இருந்து வந்தது கொஞ்சம் தொடாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடு. முதல்வர் காப்பீட்டு அட்டையும் வீட்டில் இருக்கிறது, அதையும் எடுத்துவருகிறேன்.

தேதி தெரிந்ததும் சொல்லு. உன் அண்ணனிடம் நெல்லை எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சின்னத் தாத்தாவும் வருகிறான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆட்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவானாம். பகலில் ஆச்சி இருப்பாள். ராத்திரி ஒன்பதிலிருந்து விடியற்காலை வரை என் முறை. உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட விடுவார்களா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்து வை. தலைமாட்டில் வேண்டாம். கால்மாட்டில்.

இப்படிக்கு,
உன் தாத்தா.

பி.கு: ஆச்சி கேட்கிறாள், ஹாஸ்டலில் நார்த்தங்காய் தீர்ந்துவிட்டதா என்று.